பேஸ்டிங் செக்‌ஷனில் சிரித்தவர்கள்

போன வாரம் மகன் புது ஷூ வாங்கி வந்து கூடத்தில் பெட்டியைத் திறந்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு கையில் லுங்கியும் மறு கையில் மூக்குமாக. "திருடனப் பாத்தாகூட இப்டி ஓட மாட்டாரு, ஷூவப் பாத்து ஓடுறாரு" என்று கீழே மனைவி சொல்வது கேட்டது. மேலே போய் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. நம்பிக்கை வராமல் அடுத்த விரலில் மாட்டினேன். பத்து விரலும் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தேன்.

அந்தப் பசை வாசனை எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷன். மேல்தோலுக்கும் சோலுக்கும் சொல்யூஷன் தடவ வேண்டும், பதமாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு ஒட்ட வேண்டும். டின்னைத் திறந்தால் இனிப்பும் பெட்ரோலும் கலந்த மாதிரி ஒரு நெடி. புதிதாக வருகிறவர்களுக்கு நாலு நாள் தலை வலிக்கும். ஐந்தாம் நாள் வாசனையே தெரியாது. "பாஸ் ஆய்ட்ட" என்று கை கொடுப்போம். மூக்கு செத்துப்போனதற்கு அப்படி ஒரு பாராட்டு.

என் பக்கத்து ஸ்டூலில் பஷீர் பாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னை தோஸ்த் என்றுதான் கூப்பிடுவார். ஃபேன் சுவிட்ச் என் தலைக்கு மேலே இருந்தது. காற்று பட்டால் சொல்யூஷன்மேல் ஆடை கட்டிவிடும், சோல் பிடிக்காது. அதனால் தினமும் காலையில் நானேதான் ஃபேனை நிறுத்துவேன்.

"இன்னா தோஸ்த், நெஞ்ச அடைக்குது. கொஞ்ச நேரம் போடேன்" என்பார் பாய்.

"சோல் பிரிஞ்சா வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்புவான் பாய். நம்ம நெஞ்சு பிரிஞ்சா எந்த அட்ரஸுக்குத் திருப்பி அனுப்புறது?"

பாய் மேசையில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் மட்டும் இல்லை. சாயங்காலம் நாலு மணி வாக்கில் நான் தும்மினால்கூட செக்‌ஷனே சிரிக்கும். பெரிய நகைச்சுவை மேதை என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே ஜோக்கை வீட்டில் சொன்னால், ரசத்தில் உப்பு போதுமா என்று மனைவி கேட்பாள். பல வருடம் கழித்து ஒரு டாக்டர்தான் சொன்னார், அந்த ஆவி தலைக்கேறினால் லேசாகப் போதை வருமாம். என் ரசிகர்கள் மொத்தப் பேரும் போதையில் இருந்திருக்கிறார்கள். இப்படி ஓர் அவமானம் எந்தக் கலைஞனுக்கும் வரக் கூடாது.

அந்த டாக்டரிடம் போனது பாய்க்காக. முதலில் சிரிப்பு முடிகிற இடத்தில் அவருக்கு இருமல் வந்தது. பிறகு சிரிப்புக்கு முன்னாலேயே வந்தது. நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். வேலூருக்கு அழைத்துப் போனேன். பீடி, சிகரெட் எதையும் தொடாத மனிதர். டாக்டர் படத்தைக் காட்டி, நுரையீரல் உள்ளே தழும்பு கட்டி விறைத்துவிட்டது, இனி இழுக்கிற மூச்சுக்கு விரிந்து கொடுக்காது என்றார். "இது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இத்தன வருஷம் காத்தில்லாத ரூம்ல அந்த ஆவிய இழுத்தது சும்மா விடாது."

காற்றில்லாத ரூம் என்றதும் பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருக்கலாம்.

பிறகு வீட்டிலேயே ஆக்சிஜன். வாரம் ஒரு நாள் போவேன். சொல்யூஷன் வாடையே இல்லாத அந்த அறையிலும், நான் வாயைத் திறக்கும் முன்பே பாய் சிரித்தார். எனக்கு இருந்த ஒரே அசல் ரசிகர். ஆனால் ஒரு சிரிப்புக்குக் கால் மணி நேரம் இருமினார், உதடு நீலம் பாரித்தது. அவர் மனைவி வாசல் வரை வந்து, "நீங்க வந்தா அவருக்கு உசுரு வருதுண்ணா. ஆனா சிரிக்க மட்டும் வெக்காதீங்க" என்றார்.

அதன் பிறகு மழை, பஸ் கூட்டம், முட்டிவலி என்று எதையாவது பேசிவிட்டு வந்தேன். பாய்க்குப் புரிந்துவிட்டது. கடைசியாகப் போனபோது மூக்குக் குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "ஒண்ணே ஒண்ணு சொல்லு தோஸ்த்" என்றார்.

வரும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியிருந்தது. நல்ல ஜோக். நாக்கு நுனியில் நின்றது. கதவோரம் அவர் மனைவி நின்றிருந்தார்.

"சரக்கு தீந்துபோச்சு பாய்" என்றேன்.

"பொய் சொல்ற."

கண்ணை மூடிக்கொண்டு, உதட்டோரத்தைத் தயாராக வைத்துக் காத்திருந்தார். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் போன் வந்தது.

இப்போது அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஆவியை உறிஞ்சும் குழாய் இருக்கிறதாம். பசையும் தண்ணீரில் கரைத்ததாம். செக்‌ஷனில் சிரிப்புச் சத்தமே கிடையாது என்கிறார்கள். நல்லதுதான். பஸ்ஸில் தோன்றியதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது சிரித்துவிடுவார்கள்.