நடுரோட்டில் கூட்டம் நடத்திய லோகா மிஸ்

செய்தி வந்தபோது நான் பேராதனையில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தது லோகாவின் மகள் கிருத்திகா. "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க" என்றாள். "எங்க போனவ?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். ஒரே வாரத்தில் கலஹாவுக்கும் மடுல்கெல்லவுக்கும் ஹந்தானைக்கும் ஏறி இறங்குகிறவரைப் பற்றி அப்படிச் சொன்னால் வேறு எதைக் கேட்பது? பிள்ளை அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. விடியும்போது நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த தரிப்பில் இறங்கி ஒரு கடை வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. லோகா அதைப் பிழையாக நினைக்கமாட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுப்பிரமணியம் லோகேஸ்வரி மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அங்கே பிள்ளைக் காப்பகத்தில் சில காலம் வேலை செய்து, பிறகு சுகாதாரக் கல்வியில் டிப்ளோமா முடித்து, கண்டியில் இருக்கும் எங்கள் பொதுச் சுகாதாரத் தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தார். கலஹாவில் குடியிருந்தார். குள்ளமானவர். ஆனால் ஒலிவாங்கி அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. தோட்டத்துச் சனங்களுக்கு அவர் லோகா மிஸ். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் செய்து கண்டிக்கு வந்து, அதே நிறுவனத்தில் திட்ட அறிக்கைகள் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அவர் வெறும் லோகா. எங்கள் இருவருக்கும் ஒரே வயது.

எங்கள் நிறுவனத்தில் மாதக் கடைசியில் இரண்டு நாட்கள் முக்கியமானவை. வெள்ளிக்கிழமை ஊழியர் நாள். அன்று யாராவது வந்து மன அழுத்தம் பற்றிப் பேசுவார்கள், அந்த மாதம் பிறந்தவர்களுக்குக் கேக் வெட்டுவோம், மத்தியானம் எல்லோரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சமூக நாள். ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய்க் கை கழுவுவது, டெங்கு, சத்துணவு என்று நிகழ்ச்சி நடத்துவோம். நிறைய வருடங்களாக இது இப்படியே நடந்தது. லோகா வந்த பிறகு அப்படி நடக்கவில்லை.

அவரோடு நான் முதலில் போன சமூக நாள் ஹந்தானையில். கை கழுவும் முறையைப் படம் படமாக அச்சடித்த பதாகை ஒன்றை நான் குழாயடியில் கட்டிக்கொண்டிருந்தேன். லோகா போய்க் குழாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

"வதனி, அதக் கழட்டுங்க" என்றார். "தண்ணி வராத குழாய்க்கு முன்னால கை கழுவச் சொன்னா சனம் சிரிக்கும்."

"இண்டைக்கு நிகழ்ச்சி இதுதானே லோகா?"

"நிகழ்ச்சி மாறிப்போச்சு."

அன்று எல்லோருமாக மேலே ஊற்றுவரைக்கும் ஏறிப் போனோம். உடைந்து கிடந்த குழாயைத் தோட்டத்து இளைஞர்கள் இழுத்துக் கட்டினார்கள். தண்ணீர் கீழே வந்த பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இப்ப கழுவுங்கடா" என்றார் லோகா.

கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சமூக நாளில் மருத்துவ முகாம் வைத்தோம். வந்த பெண்களில் பலருக்கு ஒரே வருத்தம். சிறுநீர் போகும்போது எரிவு, அடிவயிற்றில் வலி, காய்ச்சல். எங்கள் பணிப்பாளர் ஒரு சிங்கள டொக்டர், நல்ல மனிதர், அவசரப்படாதவர். ஒவ்வொருவருக்கும் மருந்து எழுதிக் கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "தண்ணி நல்லாக் குடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பார்வதி என்ற கொழுந்து பறிக்கும் பெண் மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"குடிச்சா எங்க போறதுங்க?" என்று கேட்டார்.

டொக்டருக்கு விளங்கவில்லை. லோகாவுக்கு விளங்கியது. "சொல்லுங்க பார்வதி" என்றார்.

"மலையில கக்கூஸ் ஏது மிஸ்? மேல கங்காணி நிக்கிறாரு, கீழ ரோட்டுல ஆட்டோ போகுது. லயத்துக்கு எறங்கிப் போய் வந்தா கொழுந்து கொறஞ்சிரும், அரைநாள் சம்பளந்தான் போடுவாங்க. அதனால காலையில தண்ணியே குடிக்காமத்தான் மலை ஏறுறோம். எங்க அம்மாவும் அப்பிடித்தான் ஏறுனாங்க."

அடுத்த மாதத் திட்டமிடல் கூட்டத்தில், ஊழியர் நாளுக்கு யாரைப் பேச அழைக்கலாம் என்று டொக்டர் கேட்டபோது லோகா எழுந்து நின்றார்.

"யாரும் வேணாம் சேர். இந்த மாசம் நம்ம எல்லாரும் கொழுந்து மலைக்குப் போவோம். காலையிலேர்ந்து சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் அவங்களோட நிப்போம். போறதுக்கு முன்னால எல்லாரும் தண்ணி நல்லாக் குடிச்சிட்டு வரணும்."

அறையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. டொக்டர் சரி என்றார். தோட்டத்து உதவித் துரையிடம், அதாவது உதவி முகாமையாளரிடம், அனுமதி கேட்டோம். ஊழியர்கள் தேயிலை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்து அவரும் சரி என்றார்.

அந்த நாளை நான் மறக்கமாட்டேன். தேத்தண்ணீரும் தண்ணீருமாகக் குடித்துவிட்டு ஏறினோம். பத்து மணிக்கே எங்கள் கணக்காளர் பஸ்லியா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வதனி, எனக்கு ஏலா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அடக்க முடியாமல்தான் இருந்தது. சுற்றிவரப் பார்த்தேன். இடுப்பளவு தேயிலைச் செடிகள், மேலே ஆண்கள், கீழே ரோடு. மறைந்துகொள்ள ஒரு மரம்கூடப் பக்கத்தில் இல்லை.

பார்வதியும் இன்னும் சில பெண்களும் கூடைகளை இறக்கிவைத்தார்கள். இடுப்பில் சுற்றியிருந்த தடித்த படங்குத் துணிகளை அவிழ்த்து, எங்களைச் சுற்றி வட்டமாகத் திரைபோலப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி நின்றார்கள்.

"வெக்கப்படாதீங்கக்கா" என்றார் ஒருவர். "அட்டை இருக்கும், காலப் பாத்துக்கங்க."

அந்தத் திரைக்குள் நான் அழுதேன். வெளியே வந்தபோது லோகாவும் ஒரு படங்கின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார். பார்த்தீங்களா என்று கேட்கவில்லை. மத்தியானம் ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போது டொக்டர் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "இத்தனை வருடம் மருந்து எழுதியிருக்கிறேன் லோகா. இதைக் கேட்டதில்லை."

"இப்ப கேட்டாச்சு சேர். இனி சும்மா இருக்க ஏலாது."

ஒவ்வொரு மலையிலும் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்டோம். பதில் வரவில்லை. அடுத்த சமூக நாளுக்குப் போனபோது தோட்டத்து மண்டபம் பூட்டியிருந்தது. வெளியாட்கள் கூட்டம் போடக்கூடாதாம். மழை வேறு பிடித்துக்கொண்டது. திரும்பிப் போகலாமா என்று நான் கேட்டேன். லோகா ரோட்டைப் பார்த்தார்.

"மண்டபம் தோட்டத்துக்குச் சொந்தம். ரோடு யாருக்குச் சொந்தம்?"

அந்த மழையில் நடுரோட்டில் குடைகளுக்குக் கீழே கூட்டம் நடந்தது. பஸ் வந்தால் ஒதுங்குவோம், போனதும் திரும்பக் கூடுவோம். ரோட்டுக் கூட்டம் என்று சனங்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மாதா மாதம் கூட்டம் பெருத்தது. ஒருநாள் தோட்டத் துரையின் ஜீப் வந்து நின்றது.

"மிஸ், டெங்கு பத்திப் பேசுங்க, கை கழுவுறதப் பத்திப் பேசுங்க. நான் வேணாம்னு சொல்லல்ல. இது உங்க வேலை இல்லை" என்றார் அவர்.

"மூத்திரத்த அடக்கி அடக்கி வருத்தம் வர்றது சுகாதாரம் இல்லன்னா வேற என்ன சேர்?" என்றார் லோகா.

அங்கே நின்ற பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டு முதலில் விறைத்துப்போனார்கள், பிறகு சிரித்தார்கள். இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். லோகா அவரைத் துரை என்று அழைக்கவில்லை. கிராம உத்தியோகத்தரை அழைப்பதுபோல, பாடசாலை அதிபரை அழைப்பதுபோல, வெறும் சேர்.

விடயம் எங்கள் நிர்வாக சபைக்குப் போயிற்று. லோகா போய்த் துரையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சபை முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன்.

"மன்னிப்புக் கேக்கிறேன்" என்றார் லோகா. சபையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. "அந்தப் பொம்பளைங்ககிட்ட. தண்ணி குடிக்கவே பயப்படுறவங்களப் போய் இத்தன நாளா கை கழுவச் சொல்லிக்கிட்டிருந்ததுக்கு."

டொக்டர் அவருக்காக வாதாடியும் பயன் இல்லை. வெளிக்கள வேலையிலிருந்து எடுத்து, அலுவலகத்துக்குள் உட்கார வைத்தார்கள். வார நாட்களில் உட்கார்ந்தார். மாதக் கடைசி ஞாயிறு வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். "இது என்னோட லீவு நாள்" என்றார். "நானும் வாறன்" என்றேன். பஸ்லியாவும் வந்தார். மூன்றாவது மாதம் டொக்டரும் தன் காரை வீட்டில் விட்டுவிட்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். அதன் பிறகு யாரையும் அலுவலகத்துக்குள் உட்கார வைப்பதில் அர்த்தம் இருக்கவில்லை.

கடைசியில் ஒரு மலையில் மட்டும் மலசலகூடம் கட்டினார்கள். தகரக் கூரை, தண்ணீர்ப் பீப்பாய், பச்சைக் கதவு. தேயிலை வாங்குகிறவர்கள் பார்வையிட வந்த நாளில் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்தார்கள். அவர்கள் போன மறுநாள் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்த மாத ரோட்டுக் கூட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். பார்வதி ஒரு கல்லை எடுத்து லோகாவிடம் நீட்டினார். லோகா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் அடிச்சா வெளிய இருந்து வந்தவ ஒடச்சதாப் போகும். நீங்க அடிச்சா அது உங்க கதவு."

பார்வதி அடித்தார். பூட்டுத் தெறித்து விழுந்தது. விசாரணை வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. உடைத்ததைப் பற்றி விசாரித்தால் ஏன் பூட்டினோம் என்று அவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்! அந்தக் கதவு அதன் பிறகு பூட்டப்படவில்லை.

இனி மற்ற மலைகள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள்தான் இப்படி.

கலஹாவில் செத்த வீட்டில் உறவுக்காரர் ஒருவர் என் காது படவே சொன்னார். "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும்." அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. செத்த வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன். ஐயா, லோகாவின் நெஞ்சு பேசியதால் நிற்கவில்லை. பேசியதால் எத்தனையோ பெண்கள் இன்றைக்குப் பயமில்லாமல் காலையில் தண்ணீர் குடித்துவிட்டு மலை ஏறுகிறார்கள். அடங்கியிருந்து இன்னும் நூறு வருடம் வாழ்வதைவிட அந்த வாழ்க்கை பெரிது.

சாவீட்டின் பின் வந்த மாதக் கடைசி ஞாயிறு, அந்தத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத் துரை ஆள் அனுப்பியிருந்தார். இரங்கல் கூட்டம் நடத்துவதற்காக மண்டபத்தைத் திறந்துவிட்டிருக்கிறாராம். மாலை போடலாம், விளக்கேற்றலாம், இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தலாம். வேறு விடயம் பேசக்கூடாது. உள்ளே கதிரைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மேசையில் லோகாவின் படம், பக்கத்தில் ஊதுபத்தி.

பெண்கள் வந்து நிறைந்தார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முன்னால் வந்து, "எல்லாரும் எந்திரிச்சு மௌனமா நில்லுங்க" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். ஒரு கணம் மண்டபம் அமைதியானது. பார்வதி தலையைக் குனியவில்லை.

"மௌனம் வேணாங்க" என்றார். "நாங்க வாய மூடிக்கிட்டு நின்னா அந்த மிஸ்ஸுக்கு ஒடம்புக்கு ஆகாது. அவங்களுக்கு மரியாத செய்யணும்னா பேசணும். நம்பர் ரெண்டு மலைக்கு எப்பக் கக்கூஸ் கட்டப்போறீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

"எங்க மலைக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எங்களுக்கு?" என்றது இன்னொன்று. பிறகு யார் எதைச் சொல்கிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. கணக்கப்பிள்ளை கையைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனார். பஸ்லியா என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே தானும் கத்திக்கொண்டிருந்தார். டொக்டர் தன் அரைகுறைத் தமிழில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

லோகா, போய் வாரும். உமக்காக இங்கே ஒருவரும் மௌனமாக நிற்கவில்லை.