பத்திரச் செலவில் போன அட்வான்ஸ்

போன வருடம் ஆவணி மாதம், உத்திரமேரூரில் வாடகைக்கு விடுவதற்கென்றே இரண்டு போர்ஷன் உள்ள ஒரு வீட்டை வாங்கினேன். ஒரகடம் கம்பெனியில் ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணம். வீட்டின் விலையை மட்டும் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்ட மகா புத்திசாலி நான்! பத்திரச் செலவுக்கு ஏதோ குத்துமதிப்பாக ஒதுக்கியிருந்தேன்.

பதிவுக்கு இரண்டு நாள் முன்பு பத்திரம் எழுதுபவர் சிரித்தார். "இன்னா சார், நீங்க பேசின விலைக்கா ஸ்டாம்பு கட்டச் சொல்லுவாங்க? கவர்மென்ட் வழிகாட்டி மதிப்பு அதுக்கு மேல கீது. கட்டடத்துக்கு வேற தனியா கீது" என்றார். அவருடைய எழுத்துக் கூலி, தரகர் கமிஷன் எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரம் துண்டு விழுந்தது. முகூர்த்த நாளில் டோக்கன் போட்டாயிற்று, தள்ளிப்போட மனசில்லை.

அன்று மாலை வீட்டை விற்றவர், இரண்டு போர்ஷனிலும் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் தன்னிடம் கொடுத்திருந்த அட்வான்ஸ் ஐம்பதாயிரத்தை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் காலி செய்யும்போது நான் திருப்பித் தர வேண்டும், அதுதான் வழக்கம். அப்பாடா என்று அதை அப்படியே பத்திரச் செலவில் போட்டுப் பதிவை முடித்துவிட்டேன்.

கார்த்திகையில், முன் போர்ஷனில் இருந்த இட்லிக் கடை அம்மா வந்தார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் அவர் கணவருக்கு இதயத்தில் அடைப்பாம். "உடனே ஆஸ்பத்திரில சேக்கணும்னு சொல்றாங்கண்ணா. வூட்ட காலி பண்ணிட்டு எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடறோம். எங்க அட்வான்ஸ் முப்பதாயிரத்தக் குடுத்துடுங்க" என்றார்.

கையில் இல்லை என்று சொல்ல வீட்டுக்காரன் என்ற கௌரவம் விடவில்லை. "அடுத்த ஆள் வரட்டும்மா, அவங்க கிட்ட வாங்கிக் குடுத்துடறேன்" என்றேன். எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வதுதானே! மறுநாளே சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் புது ஆள் வந்தார். அவரிடம் பணத்தை வாங்கிய கையோடு அந்த அம்மாவின் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்டக் கடன் கேட்டுத் தாங்கள் அலைந்துகொண்டிருந்தபோதே தங்கை புருஷனின் உயிர் போய்விட்டதாக அண்ணன் சொன்னார்.

அந்த அம்மாவிடம் பணத்தை நீட்டினேன். "கரண்டு பில்லு பாக்கி கீதுண்ணா, கழிச்சிக்கினீங்களா?" என்று கேட்டார். ஐயோ, நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சீக்கிரம் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. அதை ஒரு டாக்டரிடம் கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. நான் போட்ட தப்புக் கணக்குக்கு, அவர் தன் புருஷனைக் காப்பாற்றக் கேட்ட பணத்தை எடுத்துக் கட்டியிருக்கிறேன் என்பது மட்டும் தெரியும். அந்தப் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்க இன்று வரை எனக்கு மனம் வரவில்லை.