இன்னொரு காலடி

எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஊர் விருதுநகர் பக்கம். வயது பத்தொன்பது. எங்கள் விடுதி வார்டன் அம்மா ஒரு நாள் சாப்பிடும்போது எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"காசு யாரும் தர வேணாம் புள்ளைங்களா. உங்க சம்பளம் வீட்டுக்கு அனுப்பவே பத்தாது. வாரத்துல ஒரு மணி நேரம் யாருக்காவது குடுக்க முடியுமா?"

எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இடித்தாள். நான் நிமிர்ந்தேன். அதையே வார்டன் அம்மா சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பாயின் தங்கைக்குச் செய்தித்தாள் படித்துக்காட்ட வேண்டும். அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். ஏதோ காய்ச்சலில் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

முதல் ஞாயிறு காலை. பனியில் எதிர் வீடுகூடத் தெரியவில்லை. சந்துக்குள் நடந்துபோய் வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டு பேரும் உள்ள வாங்கம்மா. வெளிய குளிரு."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"நான் மட்டுந்தான்க்கா வந்திருக்கேன்."

அக்கா தலையைச் சற்றுச் சாய்த்து வாசல் பக்கம் காது கொடுத்தார். "சரி" என்றார். அவர் அண்ணி எனக்கு முன்னால் இரண்டு கிளாஸ் டீ வைத்துவிட்டுப் போனார்.

அரசியல் செய்தியெல்லாம் அக்காவுக்கு வேண்டாம். 'காணவில்லை' விளம்பரங்களைத்தான் முதலில் படிக்கச் சொல்வார். உயரம், நிறம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை. படிக்கப் படிக்க என் பிடரி சில்லிடும். வாசல் எனக்குப் பின்னால் இருந்தது. அடுத்த வாரமும் இரண்டு டீ. அதற்கடுத்த வாரமும்.

பிறகு இரண்டு ஞாயிறு தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். வார்டன் அம்மா திட்டவில்லை. "பாவம், ரெண்டு வாரமும் காலைலயே குளிச்சு, முக்காடு போட்டு ரெடியா உக்காந்திருந்துச்சாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி போனேன். உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "எங்கூட யாருக்கா வர்றாங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்? நீ வர்றப்ப ரெண்டு காலடி கேக்குது. ஒண்ணு உள்ள வருது. ஒண்ணு வாசல்லயே நின்னுக்குது."

"இதுக்கு முன்னாடி படிக்க வந்தவங்க கூடயுமா?"

"உனக்கு முன்னாடி யாரும் வந்ததில்லையே."

செய்தித்தாள் என் கையில் படபடத்தது. அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். தடவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத. அது ஒண்ணும் பண்ணாது. நீ படிக்கிறப்ப அசையாம நிக்குது. படிச்சு முடிச்சதும் போயிடுது. கேக்கத்தான் வருது போல. கொஞ்சம் சத்தமாப் படி, அதுக்கும் கேக்கட்டும்."

படித்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. முடித்து மடித்து வைத்ததும் வெளியே சரளைக் கல் நெரிபடும் சத்தம் மெல்லக் கேட்டது. இந்த முறை நானும் கேட்டேன். சந்தின் முனை வரை போய் நின்றுவிட்டது. எழுந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட விடவில்லை. ஒன்றரை வருடம் போனேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயத்தோடு போகப் பழகிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு என்னை நடத்திக்கொண்டு போனது.

பிறகு எனக்கு ஞாயிறுகளில் ஷிப்ட் போட்டபோது புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களிடம் பேசி, மாறி மாறிப் போகச் சம்மதிக்க வைத்தேன். ஒரு மணி நேரம்தான், காசு செலவில்லை, அந்த அக்கா ரொம்ப நல்லவர் என்றேன். சத்தமாகப் படிக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.