மூன்றாவது ரிமைண்டர்

எங்கள் ஆபீசில் ஒரு பெண்ணுக்காகத் திறக்கப்பட்ட ஃபைல் ஒன்றே ஒன்றுதான். திறந்தவன் நான். அந்தப் பெண்ணை நான் பார்த்தது கிடையாது. அவள் செக் நாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊரில் இருந்தாள். அவள் புருஷன் தூத்துக்குடியில், எங்கள் சரக்குக் கிட்டங்கியில் இருந்தார்.

நாங்கள் பனந்தும்பு ஏற்றுமதி செய்தோம். பனைமட்டை நாரைச் சீவி, தரம் பிரித்து, கட்டுக் கட்டாகக் கப்பலில் ஏற்றினால் அது சீமையில் பிரஷ் ஆகிவிடும். அவருடைய நாட்டு பிரஷ் கம்பெனி ஒன்று, சரக்கைத் தரம் பார்க்க அவரை ஆறு மாதத்துக்கு இங்கே அனுப்பியிருந்தது. ஆறு மாதம் முடிவதற்குள் ஜெர்மன்காரர்கள் அவர் நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னாலேயே யுத்தமும் வந்துவிட்டது. எங்கள் முதலாளி இரக்கப்பட்டு அதே வேலையில் அவரை வைத்துக்கொண்டார். ஊரில் அவருக்குத் தும்பு துரை என்று பேர்.

துரைக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை யாரும் நம்பவில்லை. வெள்ளைத் தோலோடு இங்கிலீஷும் கூடவே பிறக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவருக்குத் தமிழ் வந்தது. தும்பு சீவுகிற பெண்களிடம் பொறுக்கிய தமிழ். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி ‘ஏளா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு எங்கள் மேனேஜரை ஒருநாள், “ஏளா, இங்கன வா” என்று கூப்பிட்டார். மேனேஜர் ஒரு வாரம் கிட்டங்கிப் பக்கமே வரவில்லை.

நாற்பத்திரண்டில் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மனைவிக்குச் செக் மொழியில் எழுதிய இரண்டு கடிதங்களையும் சென்சார் திருப்பியனுப்பியிருந்தது. புரியாத பாஷை போகக்கூடாதாம். யுத்தத்தில் சேராத ஒரு நாட்டில் அவர் கம்பெனியின் பழைய ஏஜென்ட் ஒருவர் இருந்தார். இங்கிலீஷில் எழுதி அவருக்கு அனுப்பினால் எப்படியாவது அவளிடம் சேர்த்துவிடுவார்.

“அண்ணாச்சி, எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தாங்க. வீட்டுக்காரிக்கு எழுதணும். உசிரோட இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது.”

எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பதை ஒட்டி. எனக்குத் தெரிந்தது கம்பெனி இங்கிலீஷ். சரக்கு வந்தது, வரவில்லை, நனைந்து வந்தது, தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறோம். அதில் நான் புலி. அதைத் தாண்டி ஓர் அடி வைத்தால் வழுக்கும். இதை ஒப்புக்கொள்ள அன்று எனக்கு வாய் வரவில்லை. ஆகட்டும் துரை என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பெண்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் தும்புக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து படித்தோம். பாடப்புத்தகம் எங்கள் ஆபீசின் மாதிரிக் கடித நோட்டு. ‘தி’ என்ற சொல்லை எங்கே போடுவது என்பது அவருக்கு விளங்கவே இல்லை. அவர் பாஷையிலும் அது கிடையாதாம், நம்மிடமும் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து குத்துமதிப்பாகத் தூவினோம். கடிதத்தின் அடியில் போடும் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’க்கு அர்த்தம் கேட்டார்.

“உங்களுக்கு விசுவாசமா இருக்கேன்னு அர்த்தம்.”

“எல்லா கம்பெனிக்கும் இதையா எழுதுதிய?”

“எல்லாருக்கும்தான்.”

“நான் ஒருத்திக்குத்தான் எழுதுவேன்” என்றார்.

முதல் கடிதத்தை நான் டைப் அடித்தேன். ‘நாங்கள் இங்கே நல்ல நிலையில் உள்ளோம். தங்கள் தரப்பு நிலையை இங்கிலீஷில் தெரிவித்தால் மகிழ்வோம்.’ பழக்கதோஷத்தில் கார்பன் காப்பி எடுத்து, நம்பர் போட்டு, ஃபைல் திறந்துவிட்டேன். பதில் இல்லை. ஆறு மாதம் கழித்து ரிமைண்டர் அனுப்பினோம், இன்னொரு ஆறு மாதத்தில் இரண்டாவது. எதற்கும் பதில் இல்லை. தினமும் காலையில் அவர் வாசலில் நின்று, “தவால் வந்துட்டா அண்ணாச்சி?” என்பார். இல்லை என்று தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலுக்காகவே ஆபீசுக்குப் போகப் பிடிக்காத நாட்கள் உண்டு.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். எந்த விஷயத்துக்கும் மூன்று ரிமைண்டர்தான். மூன்றாவதில் கடைசி வரி நிரந்தரமானது. அதை அடிக்க எனக்குக் கண்ணே வேண்டாம், விரல்களே அடித்துவிடும். துரையின் மூன்றாவது ரிமைண்டர் போன அன்று துறைமுகத்தில் கப்பல் நின்றது. பதினைந்து இருபது கடிதம் அவசரமாக அடித்தேன். அவரும் என்னை நம்பி, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் கார்பன் காப்பியை ஃபைலில் கோக்கும்போதுதான் பார்த்தேன். ‘மூன்று மாதத்துக்குள் பதில் வராவிட்டால் இந்த விஷயம் முடிந்துவிட்டதாகக் கருதுவோம்.’

அனுப்பிய நாலு கடிதத்தில் அவள் கைக்குக் கிடைப்பது இது ஒன்றுதான் என்றால்? புருஷன் தன்னைக் கை கழுவிவிட்டான் என்றுதானே நினைப்பாள்? உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் இங்கிலீஷின் லட்சணம் வெளியே தெரிந்துவிடுமே என்ற கேவலமான பயம். எட்டு மாதம் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு மத்தியானம், பாடத்தின் நடுவே சொல்லிவிட்டேன். அவர் அந்த வரியைத் தமிழில் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

“முடிஞ்சு போச்சுன்னு நானா எழுதியிருக்கேன்?”

“நான் எழுதினது துரை. கையெழுத்து உங்களுது.”

திட்டியிருந்தால் தேவலை. அவர் நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, தரம் பார்க்கப் போய்விட்டார். அதன்பிறகு பாடம் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு காகிதம் கொண்டுவந்தார். அவரே பென்சிலால் எழுதியது. “ஒரு எழுத்தையும் மாத்தாதிய” என்றார். ‘மூன்றாவது ரிமைண்டர் தப்பு. விஷயம் திறந்தே இருக்கிறது. நான் காத்திருக்கிறேன்.’ கம்பெனிக் கடிதத்தில் ‘நான்’ வரக்கூடாது. அப்படியே அடித்தேன். அன்று என் விரல்கள் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தன.

காலையில் தபால் கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. முன்பு என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். இப்போது தபால் பையைப் பார்த்துக் கேட்டார்.

யுத்தம் முடிந்த வருஷக் கடைசியில் ஒரு உறை வந்தது. நானே கிட்டங்கிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னையே பிரித்து வாசிக்கச் சொன்னார். இங்கிலீஷ் கடிதம். பிரஷ் கம்பெனியின் பழைய கடித நோட்டு ஒன்றை இரவல் வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். ‘தங்கள் மூன்றாவது ரிமைண்டர் மட்டும் கிடைக்கப்பெற்றோம். தாமதத்துக்கு வருந்துகிறோம். மூன்று மாதக் கெடு தாண்டிவிட்டது. ஆயினும் எங்கள் தரப்பில் விஷயம் முடியவில்லை. தயவுசெய்து முடித்துவிட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி.’

தும்பு சீவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துரை அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். அந்தக் கடைசி வார்த்தைகளை ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வாசித்தேன்.

மறுவருஷம் அவர் கப்பலேறினார். கப்பலுக்குப் போகும் தோணியில் இறங்குமுன், “போயிட்டு வாரேன் அண்ணாச்சி, காயிதம் போடுவேன்” என்றார். போட்டார். நாலு கடிதம், எல்லாம் ‘நான்’ போட்டே எழுதியவை. தோட்டத்தில் ஆப்பிள் காய்த்தது, மனைவி என்னை விசாரித்தாள் என்றெல்லாம் வரும். அவர் போனபின் கிட்டங்கிப் பக்கம் போகவே எனக்கு மனசு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நாற்பத்தெட்டில் அவர் நாட்டில் ஆட்சி மாறிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தான். அதோடு கடிதம் நின்றது. ஒரு ரிமைண்டர் அனுப்பி, காப்பியை அதே ஃபைலில் கோத்தேன். ஆறு மாதம் கழித்து இன்னொன்று. தபால் வரும் நேரத்தில் நான் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தேன்.

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த புது மேனேஜர் அந்த ஃபைலைக் கையில் எடுத்தார். “ரெண்டு போயிருக்குல்லா, மூணாவதையும் போட்டு முடிச்சிரும்வே” என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன். மெஷினில் காகிதத்தைச் சொருகி, தேதியும் அடித்தேன். பிறகு காகிதத்தை உருவிவிட்டு, ஃபைலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மூன்றாவதை நான் அனுப்பவில்லை.