புற்றுக்கு வைத்த முட்டை

சந்திரமதிக்குக் கோபம் வந்தால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். எதிர்வீட்டுக்காரனான எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். சென்ற ஆண்டு அவள் கத்தியதில் ஒரு சொல்கூட வீண் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் நாத்தனார் யோகேஸ்வரியின் நியாயத்தையும் கேட்க வேண்டும் என்பவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

சந்திரமதி ரெங்கம் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி எல்லாரையும் வெளியே அனுப்பியபோது கணவரோடு எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தாள். அவர் இறந்த பிறகு பள்ளி விடுதிச் சமையலறையில் வேலை பார்த்து ஒரே மகள் லோஷினியை ஆளாக்கினாள். அங்கே காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு. எச்சத்தைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். நுனியில் வெள்ளை இருந்தால் பல்லி, முழுக்கக் கறுப்பாக இருந்தால் எலி. சுவரோரம் அழுக்குக் கோடு விழுந்திருந்தால், அது எலி தினமும் உடம்பை உரசிக்கொண்டு போகிற பாதை. வீட்டிலும் அதே கண்தான். அரிசிக்கும் மூடி, குப்பைக்கும் மூடி. பலகை ஒன்று தரையில் கிடந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

அப்படிப்பட்டவளின் பின்வேலிக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டிய அரசாங்க நிலத்தில், கரையான் புற்று ஒன்று எழும்பியது. அவள் அதைத் தொடவில்லை. கரையான் தன் வீட்டுச் சுவரில் மண்கோடு இழுக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். சும்மா இருக்க முடியாதவள் யோகேஸ்வரி. அதே வரிசையில் கடைசி வீடு அவளுடையது. ஆத்தா கனவில் வந்து புற்றைக் காட்டினாளாம். உடனே மஞ்சள் துணி கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் கூட்டமாக வந்து பால் ஊற்றி, முட்டை வைத்துவிட்டுப் போனார்கள். நாறியது யார் வீட்டுப் பக்கம்? கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் வீட்டுப் பக்கமா?

சந்திரமதி சாமி இல்லையென்கிறவள் அல்ல. ஆண்டுதோறும் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவள். அதனால்தான் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆனால் லோஷினி தலைப்பிரசவத்துக்கு ஜொகூர் பாருவிலிருந்து வரவிருந்தாள். அவளுக்காகச் சுத்தம் செய்து வைத்திருந்த பின்னறையின் ஜன்னல் நேராகப் புற்றைப் பார்த்திருந்தது.

முதலில் வேலியோரம் உடைந்த முட்டை ஓடு கிடந்தது. அப்புறம் வெளிச்சுவரில் அழுக்குக் கோடு விழுந்தது. அப்புறம் பின்னறை ஜன்னலுக்குக் கீழே பாம்புச் சட்டை. மறுநாள் சாயங்காலம் சட்டைக்குச் சொந்தக்காரனையே பார்த்துவிட்டாள். கருநாகம், கண்ணைக் குறிவைத்து விஷம் துப்புகிற ஜாதி. கால்வாய் விளிம்பில் படமெடுத்து நின்றதாம்.

சட்டையைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு நேரே யோகேஸ்வரி வீட்டுக்குப் போனாள்.

"நீங்க வைக்கிற முட்டைக்கு எலி வருது. எலியப் பிடிக்கப் பாம்பு வருது. பாம்பு எங்கடி பால் குடிக்கும்? நிறுத்துங்கடி!"

யோகேஸ்வரி அந்தச் சட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அலமாக், அண்ணி! ஆத்தா உங்க வீட்டாண்ட சட்டை உரிச்சிருக்கா. யாருக்குக் கிடைக்கும் லா இந்தப் பாக்கியம்?"

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வரப்போறா. அந்த முட்டைய அவளுக்கு அவிச்சுக் கொடுத்தாலாவது புண்ணியம்."

"ஆத்தாவுக்குன்னு வச்சத வாய் விட்டுக் கேக்காதீங்க அண்ணி."

 லோஷினி யார்? யோகேஸ்வரியின் சொந்த அண்ணன் மகள். அவள் தூங்கப்போகிற அறைக்கு வெளியே நாகம் நிற்கிறது என்றால் இவளுக்குப் பாக்கியமாம்.

சந்திரமதி பொம்பாவுக்குப் போன் செய்தாள். தீயணைப்பு வண்டி வந்தது. ஆட்கள் இடுக்கியோடு இறங்கியதும் யோகேஸ்வரி கூட்டத்தோடு வந்து புற்றைச் சுற்றி நின்றுகொண்டாள். பாம்பு கண்ணில் படவில்லை. பார்த்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். சந்திரமதி நடு ரோட்டில் நின்று அழுதாள். அத்தனையும் ஆத்திரம்.

உப்பைத் தூவு, கந்தகத்தைத் தூவு என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "இங்க பெய்யற மழைக்கு உப்பு நிக்குமா?" என்று அவர்களையும் திட்டினாள். தானே லாலான் புல்லை வெட்டினாள். சுவர் ஓட்டைகளைக் கம்பிவலை வைத்துச் சிமெண்டால் அடைத்தாள். வெள்ளிக்கிழமை பெண்கள் முதுகைத் திருப்பியதும் முட்டைகளை அள்ளி மூடிபோட்ட தொட்டியில் போட்டாள்.

விஷயம் தெரிந்து யோகேஸ்வரி சாமியாடாத குறை.

"இனிமே ஆத்தாவுக்குக் காட்டிட்டு முட்டைய என் வீட்டுக்கே கொண்டு போயிடறோம். உங்க கை அதுல படவேணாம்!"

கொண்டு போனாள். படைத்த முட்டையை அவிக்கவும் பயம், எறியவும் பயம். கார் நிறுத்துகிற முன்கூடத்தில், செருப்பு அலமாரி பக்கத்தில், தட்டுத் தட்டாக அடுக்கி வைத்தாள். புற்றுப் பக்கம் முட்டை ஓடுகூட இல்லாமல் போனது. சந்திரமதியின் சுவரில் புதிதாகக் கோடு விழவில்லை. எலிகள் எங்கே குடிபோயின என்று நான் சொல்லத் தேவையில்லை.

லோஷினி வந்தாள். புழுக்கத்திலும் ஜன்னலைத் திறக்கத் தாய் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி வீட்டிலிருந்து அலறல் கேட்டது. நான் ஓடினேன். யோகேஸ்வரி பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். செருப்பு அலமாரிக்கு அடியிலிருந்து கருநாகம் தலையைத் தூக்கியிருந்தது.

சந்திரமதி ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். கையில் தட்டு, தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு டம்ளர் பால். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"கனவுல வந்தவ வாசலுக்கே வந்துட்டா. இறங்கி வந்து பால் ஊத்து."

"அண்ணி, பொம்பாவக் கூப்பிடுங்க அண்ணி!"

"எதுக்கு? ஆத்தாவ இடுக்கி போட்டுப் பிடிக்கவா?"

"அண்ணி, அது பாம்பு அண்ணி!"

"என் பொண்ணு ஜன்னலுக்குக் கீழ நின்னப்போ அது என்னடி?"

 அதற்குள் பொம்பா வண்டிச் சத்தம் கேட்டது. தட்டை எடுக்கும் முன்பே சந்திரமதி போன் செய்திருக்கிறாள். ஆட்கள் பாம்பைப் பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். சாக்கின் முன்னால் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

புற்று இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கும் பூவும் உண்டு, பாலும் முட்டையும் கிடையாது. லோஷினிக்கு மகன் பிறந்து வீட்டுக்கு வந்த வாரம் யோகேஸ்வரி ஒரு தட்டு முட்டையோடு வாசலில் வந்து நின்றாள். சந்திரமதி அவளை வாவென்று சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை.

"உள்ள கொண்டு போய் அடுப்புல வை," என்றாள். "பிள்ளை பெத்தவ பசியோட இருக்கா."