குதிரையைப் பார்க்காத நாற்பது பேர்

"அக்கா, சனிக்கிழம ஃப்ரீயா? குதிரப் போட்டி பாக்க வர்றியா?"

கேட்டது எதிர்வீட்டு எஸ்தர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். சீட்டுக்கட்டைக் கண்டாலே முகம் சுளிக்கிறவள். அவள் என்னைக் குதிரைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அய்யே, அந்த மாதிரி இல்லக்கா. இது ஜெர்மனில நடக்குது. எங்க ஃபேக்டரி கேன்டீன் டிவில லைவா போடறாங்க. மேனேஜர் கிட்ட உனக்கு பர்மிஷன் வாங்கிட்டேன். நீ பேப்பர்ல எழுதற பத்தியெல்லாம் அவரு படிக்கிறாராம்."

"அப்படியா!"

"பாதி வரைக்கும் படிப்பாராம்."

இப்படித்தான் போன சனிக்கிழமை மதியம் காட்பாடியில் ஃபேக்டரி பஸ் ஏறி ஆம்பூர் பக்கம் போய் இறங்கினேன். ஆம்பூர் என்றதும் பிரியாணியைப் பற்றி நாலு வரி எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல் — அன்று கேன்டீனில் சுண்டலும் டீயும்தான்.

எஸ்தர் அங்கே செக்கிங் சூப்பர்வைசர். ஃபேக்டரி முழுக்க ஷூ தைக்கிறார்கள்; ஒரே ஒரு லைனில் மட்டும் குதிரைச் சாமான். சேணம், கடிவாளம், அப்புறம் 'கெர்த்'. குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டி, சேணம் நகராமல் பிடித்துக்கொள்கிற அகலமான தோல் வாருக்கு அங்கே அதுதான் பெயர்.

அந்த வாரில்தான் எஸ்தரின் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. போன முறை அனுப்பிய சாம்பிளில் பக்கிள் பக்கத்துத் தையல் விட்டுப்போய், சிவப்பு டேக்கோடு திரும்பி வந்துவிட்டது. செக்கிங் சீட்டில் இருந்தது எஸ்தரின் கையெழுத்து. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு சான்ஸ் வாங்கினாள். நூலை மாற்றினாள். பக்கிள் முனையைத் தானே உட்கார்ந்து தைத்தாள். அந்த வார் இப்போது ஜெர்மனியில், ஒரு குதிரையின் வயிற்றில்!

போட்டியில் தாங்கினால் ஆர்டர். தாங்காவிட்டால் குதிரை லைனை மூடிவிட்டு அதிலிருக்கிற முப்பது பெண்களையும் ஷூ பக்கம் பிரித்து அனுப்பிவிடுவதாக மேலிடத்து முடிவு. "சூப்பர்வைசர் எல்லாம் அப்பறம் எங்கக்கா... மறுபடி மெஷின்ல உக்கார வேண்டிதான்" என்றாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போட்டி என்ன என்று கேட்டேன். மூன்று நாள் கூத்தாம். முதல் நாள் குதிரை அடியெடுத்து வைத்து நளினமாக நடந்து காட்ட வேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் கம்பு தாண்ட வேண்டும். நாங்கள் பார்க்க உட்கார்ந்தது இரண்டாம் நாள் — கிராஸ் கன்ட்ரி. காடு மேடெல்லாம் ஓடி, பெரிய பெரிய மரக்கட்டைகளையும் பள்ளங்களையும் தாண்டி, நடுவில் குளத்திலும் குதித்து எழுந்து போக வேண்டும். கட்டைகள் இடித்தால் விழாது. விழுவது நாம்தான். ஆள் விழுந்தால் அத்தோடு அவுட்.

இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யச் சொன்னால்கூட நான் செய்ய மாட்டேன்.

கேன்டீனில் நாற்பது பேர் இருந்தோம். குதிரை லைன் பெண்கள், மேனேஜர், நான், இன்னும் சிலர். முன் வரிசையில் பாஷா பாய். முப்பது வருஷமாகத் தோலைத் தடவிப் பார்த்து கிரேடு பிரிக்கிறவர். திரையில் முதல் குதிரை வந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா க்ளீன் தோலும்மா! ஒரு உண்ணிக் கடி இல்ல, ஒரு முள்ளுக் கீறல் இல்ல. ஏ கிரேடு!"

குதிரை திரும்பியது. பின்தொடையில் சூடு போட்ட அடையாளம். பாய் சப்பென்று உட்கார்ந்தார்.

"பேஜார். சூடு போட்டு கெடுத்துட்டான். செகண்ட்ஸ்தான் போவும்."

"பாய்! அது இன்னும் உயிரோட ஓடிக்கினு இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

பாய் மட்டுமா? தையல் பெண்கள் தையலைப் பார்த்தார்கள். பக்கிள் மாட்டுகிற பெண் பக்கிளைப் பார்த்தாள். கேமரா மேலேயிருந்து அழகான காட்டைக் காட்டினால், "கீழ இறங்குடா" என்று அதட்டினார்கள். குதிரையைக் குதிரையாகப் பார்த்தவர் அங்கே யாருமே இல்லை. கல்யாண வீட்டில் என் டெய்லர் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. பிளவுஸ் முதுகைத்தான் பார்ப்பார். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நர்ஸ், "உங்களுக்கு நரம்பு நல்லா கெடைக்கும்" என்று என் கையைப் பாராட்டியிருக்கிறார். அவரவர் கண் அவரவர் தொழிலில். என்ன செய்ய?

மேனேஜர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். வார் வாங்கப்போகிற கம்பெனிக்காரர் குளத்துப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை வீடியோ காலில் பிடித்து, போனை டீ டம்ளரில் சாய்த்து வைத்திருந்தார். எல்லோருக்கும் பயம் அந்தக் குளம்தான். தண்ணீர் பட்டால் தோல் நெகிழும். நெகிழ்ந்தால் தையலுக்குச் சோதனை.

எங்கள் குதிரை கிளம்பியது. மேலே ஓர் இளம்பெண். பெயர் யார் வாயிலும் நுழையாததால் 'நம்ம பொண்ணு' ஆகிவிட்டார். ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஒரு பள்ளம்... எஸ்தர் என் கையைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

திடீரென்று போனிலிருந்து 'ஓ...' என்று ஒரு கூட்டம் அலறும் சத்தம்.

டிவியில் குதிரை ஜாலியாகப் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தது!

போனில் வருவது அந்த நிமிஷத்துச் சத்தம். டிவி அதற்குக் கொஞ்சம் பின்னால். அங்கே ஏதோ நடந்து முடிந்துவிட்டது. எங்களுக்குத்தான் இன்னும் நடக்கவில்லை. யாருக்கு என்ன ஆச்சு? குதிரைக்கா? ஆளுக்கா? வாருக்கா? அந்த அரை நிமிஷமும் டிவியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தோம். எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள்.

குதிரை குளத்தங்கரைக்கு வந்தது. கட்டையைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியது. முன்கால் தடுமாறியது. அந்தப் பெண் அதன் தோள் வழியாகச் சரிந்து, தொபுக்கடீர் என்று தண்ணீரில் விழுந்தார். அடிபடாமல் இருக்க அவர் போட்டிருந்த ஏர் ஜாக்கெட் 'டப்' என்று உப்பியது. குதிரை எழுந்து, நனைந்து, கரையேறி நின்றது. கேமரா கிட்டே போனது. சேணம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. வார் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாத் தையலும் பத்திரம்!

கேன்டீன் அதிர்ந்தது. கைதட்டல், விசில், பெஞ்சில் தாளம். பாஷா பாய் எனக்குக் கை கொடுத்தார். எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான் தட்டினேன், மறைப்பானேன்?

அப்போதுதான் டம்ளரில் சாய்ந்திருந்த போன் பேசியது. ம்யூட் செய்ததாக மேனேஜர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஒய் ஆர் யூ கிளாப்பிங்?"

அங்கே அந்தப் பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். இங்கே நாங்கள் விசில் அடித்துக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் ம்யூட் பட்டனைத் தேடினார். எஸ்தர்தான் போனைப் பிடுங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஃபேக்டரி இங்கிலீஷில் சொன்னாள்:

"சார், லேடி ஃபால், வீ சேட். கெர்த் நோ ஃபால், வீ ஹேப்பி. லேடி ஓகே சார்?"

"ஐ டோன்ட் நோ. ஐ வில் மெயில் யூ" என்றார் அவர். கால் கட்.

அவ்வளவுதான். தையல் தாங்கிவிட்டது, கைதட்டல் கெடுத்துவிட்டது! சுண்டல் அப்படியே ஆறிப்போயிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போது எஸ்தர் என் பக்கம் திரும்பினாள்.

"ஆர்டர் போனா போவுதுக்கா. நம்ம வீட்டுப் பொண்ணு விழுந்திருந்தா இப்டி தட்டியிருப்போமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அந்தப் பெண் தண்ணீரில் விழுந்த நொடியில் நான் நினைத்தது வாரைப் பற்றிக்கூட இல்லை. 'இந்த வாரத்துக்குப் பத்தி ரெடி' என்றுதான். இதை நான் எஸ்தரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவளிடம், "ஆர்டருக்காக ஜெபம் பண்ணியா?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்குப் பண்ணேன்க்கா. பேருதான் வாயில வரல. 'தண்ணில உழுந்தவங்க'ன்னு சொல்லிட்டேன். ஆண்டவருக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் வாசலுக்கு வந்தாள். மெயில் வந்துவிட்டதாம். குதிரை லைன் மொத்தத்தையும் நிற்கவைத்து மேனேஜர் படித்தாராம். அதில் இரண்டு சேதி. ஆர்டர் உறுதி என்பது இரண்டாவது.

முதல் சேதி — அந்தப் பெண்ணுக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை; தோளில் வலி மட்டும்தான்; இன்றைக்கு மறுபடி குதிரை ஏறிவிட்டார். மேனேஜர் இதைப் படித்து முடித்ததுமே முப்பது பேரும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னும் ஆர்டர் மேட்டருக்கே வரலியே? அதுக்குள்ள எதுக்கும்மா தட்டறீங்க?"

"இது அந்தப் பொண்ணுக்கு சார்" என்றாளாம் எஸ்தர். "வாருக்குத்தான் சனிக்கிழமயே தட்டிட்டமே!"