கோப்பி ஸ்டோரின் வலப்பக்கப் பாதை

நேற்று என் பேத்திக்கு மூக்குக் குத்தினோம். அழுது முடித்த கையோடு கண்ணாடி முன் போய் நின்றவள், "பக்கம் மாறித் தெரியுது தாத்தா" என்றாள். வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குத்தி பக்கம் மாறியதற்காகக் கண்டியிலிருந்து மாத்தளை வரை மழையில் நடந்தவன் நான்.

உங்களுக்கு அந்தக் காலம் தெரிந்திருக்காது. தேயிலை இன்னும் மலையைப் பிடிக்கவில்லை. கோப்பி இலையில் மஞ்சள் தூள் படர்ந்து, தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தது. துரைமார் கப்பலேறிவிட, பங்களாக்களும் கோப்பி காயவைக்கிற ஸ்டோர்களும் திறந்த கதவோடு கிடந்தன. நான் கண்டியில் படம் பிடித்துப் பிழைத்தேன். பிழைத்தேன் என்பது கொஞ்சம் அதிகம்; என் கையில் அகப்பட்ட முகமெல்லாம் திருட்டு முழி முழிக்கும். கட்டிடம் அப்படியில்லை. ஆடாது, குறை சொல்லாது. அதனால் கைவிட்டுப்போன கட்டிடங்களைத் தேடித் தேடி எடுத்தேன். இடிந்த சுவருக்காக மலை ஏறுகிற பைத்தியம் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு. அதைக் காதில் வாங்கிக்கொண்டே பெட்டியைத் தூக்கிக் கிளம்பிவிடுவேன். இடிப்பதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

பன்வில பக்கம் ஒரு கோப்பி ஸ்டோர். நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் ஜன்னல்கள். அடுத்த வாரம் கூரைத் தகரத்தைக் கழற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். உள்ளே புளித்த கோப்பிப் பழத்தின் வாடை மட்டும் போகவில்லை. அதை இப்போதும் நினைத்த மாத்திரத்தில் மூக்கில் கொண்டுவந்துவிடுவேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் போய்விட்டார்கள். வேலாயி என்று ஒருத்தி மட்டும் இருந்தாள். புருஷன் கருப்பையா தாயைப் பார்க்க இந்தியாவுக்குப் போனவர். பழம் எடுக்கும் காலத்துக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தோட்டமே போய்விட்டது. ஸ்டோரைப் பார்த்து நின்றால் வலப்பக்கப் பாதை மலை ஏறும். அங்கே புதிதாகத் தேயிலை போடுகிற தோட்டத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இடப்பக்கப் பாதை காட்டுக்குள் இறங்கி ஆற்றில் முடியும். மழைக் காலத்தில் அந்த ஆறு ஆளை விடாது. வெறும் லயத்துக்கு வந்து நிற்கிற மனிதருக்கு எந்தப் பக்கம் என்று யார் சொல்வது?

இந்தியாவிலிருந்து தோணியில் வந்து இறங்கி நடந்து வருகிறவர்கள் மாத்தளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் தங்குவார்கள். அங்கே சொல்லிவைக்கலாமே என்றேன்.

"வாய்ச் சொல்லு பத்து வாய் மாறிரும்யா. படம் மாறாதுல்ல" என்றாள்.

ஸ்டோர் முன்னால் நின்று, மலைப் பாதையை நோக்கிக் கையை நீட்டினாள். பத்து எண்ணும்வரை அசையக் கூடாது என்றிருந்தேன். நான் இருட்டுக் கூடாரத்துக்குள் போய், கண்ணாடியில் விழுந்த படத்தைக் கழுவி எடுத்து வெளியே வந்தபோதும் அவள் கை இறங்கவில்லை. படம் தெரிவதற்காக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒட்டி, நானே மாத்தளைக்குக் கொண்டுபோய்க் கடைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் கண்டியில் ஓர் அம்மாள் தன் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். வலது மூக்கில் இருக்கிற மூக்குத்தி படத்தில் இடது மூக்கில் இருக்கிறதாம். கண்ணாடிப் படத்தில் அப்படித்தான் விழும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று சமாளித்து அனுப்பினேன். பழைய கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மூக்குத்தி மாறுனா கை மாறாதா?"

வேலாயியை ஆற்றுப் பக்கம் கைகாட்ட வைத்துவிட்டேன். மாத்தளைக்கு ரயில் வராத காலம். வெளியே கொட்டுகிற மழை. விட்டதும் போகலாமே என்றார் பக்கத்துக் கடைக்காரர். மழை விடுவதற்குள் கருப்பையா வந்துவிட்டால்? சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பெரிய படக்காரன் என்று எனக்குள் இருந்த நினைப்பை வழி நெடுக நானே திட்டித் தீர்த்தேன்.

படம் ஆணியிலேயே தொங்கியது. இன்னும் யாரும் கேட்கவில்லை என்றார் கடை நடத்திய முஸ்லிம் நானா. துணியை உரித்து, கண்ணாடியைப் புரட்டி, துணியை மறுபுறம் வைத்து ஓரங்களில் சோற்றுப் பசை தடவி ஒட்டினேன். வேலாயியின் கை மலைப் பக்கம் திரும்பியது. இரண்டு நிமிஷ வேலைதான்.

சில மாதம் கழித்துப் போனால் ஆணி மட்டும் இருந்தது.

"ஒரு மனிசன் கேட்டுக் கழட்டிக்கிட்டாரு. அந்தப் பொம்பளயப் போலயே கைய நீட்டி நீட்டிப் பாத்தாரு. வெச்ச சோத்தக்கூட தின்னல்ல, போய்ட்டாரு" என்றார் நானா.

எனக்கு மனம் ஆறவில்லை. பன்விலவுக்குப் போய் வலப்பக்கப் பாதையில் ஏறினேன். புது லயத்திலிருந்து வேலாயி வெளியே வந்தாள். உள்ளே சுவரில் என் கண்ணாடி. அதன் கீழே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேன்லய்யா, படம் மாறாதுன்னு."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவள் கொடுத்த கோப்பியைக் குடித்தேன்.

இப்போது அந்த ஸ்டோர் இல்லை. கல்லையெல்லாம் தேயிலைத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட எடுத்துப்போனார்கள். பட்ட கோப்பி மரங்களைத் தேநீர் மேசைக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ரயில் வந்த பிறகு நடந்து வருகிறவர்கள் குறைந்து, நானாவின் கடையும் மூடிவிட்டது. இரண்டு பாதைகளும் தேயிலைக்குள் போய்விட்டன. படம் மாறிய உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை கிளம்பிப் போனேன். வேலாயி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கருப்பையா அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலோடே திரும்பி இறங்கி வந்துவிட்டேன்.